மரத்தோடு மல்லுக்கு நிற்காதே!

மதுரைக்காரனுக்குத் தெரிந்த மரம் இரண்டு. நிழலுக்கு வேம்பு. ஊருக்கு வெளியே போனால், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். மரத்தின் மேல் ஒரு மனுஷனுக்குப் பகை வரும் என்பது, கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும் வரை எனக்குத் தெரியாது.

பிடிக்க வைத்தவர் என் சகலை. இடம், கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 1895-ல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. 18 குழிகள், பக்கத்திலெல்லாம் மரங்கள், நடுநடுவே 'நான் மெம்பராக்கும்' என்கிற தோரணையில் மேயும் காட்டெருமைகள்.

நான் போனது ஆட அல்ல, கடன் கேட்க. டவுன்ஹால் ரோட்டில் வைத்திருந்த என் ரெடிமேட் கடை இரண்டு வருஷத்தில் நாலு லட்சத்தை முழுங்கியிருந்தது. இன்னும் ஐந்து லட்சம் போட்டு ஏ.சி., கண்ணாடிக் கதவு எல்லாம் வைத்தால் ஒரே தீபாவளியில் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. ஈடாக வைக்க வீட்டுப் பத்திரமும் பையில் இருந்தது.

"அப்புறம் பேசலாம், முதல்ல ஆடுங்க சகலை!" என்றார்.

ஓங்கி அடித்தேன். 46 கிராம்கூட இல்லாத அந்தப் பந்து நேரே வலதுபக்க மரங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. தேட மூன்றே நிமிஷம்தான் அனுமதி (2019-க்கு முன்னால் ஐந்து). கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டம், அடித்த இடத்துக்கே திரும்பி நடக்கவும் வேண்டும். நல்லவேளை, கிடைத்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியே தூரத்தில் கொடி ஆடிக்கொண்டு, 'வா வா' என்றது.

மரம் என்பது முக்கால்வாசி காற்றுதானே என்று கோல்ஃப்காரர்கள் மனசைத் தேற்றிக்கொள்வதுண்டு. கொசுவலைகூட முக்கால்வாசி ஓட்டைதான். கொசு போகிறதா என்ன?

அடித்தேன். 'டொக்'! பந்து எனக்குப் பின்னால் வந்து விழுந்தது. விடுவேனா? இன்னொன்று. 'டொக்'! மூன்றாவதுக்கு ஓங்கியபோது, பை தூக்கி வந்த கேடி பெரியவர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"சார், மொதல்ல ஒரு அடி போச்சு. போனது போனதுதான். அதை இங்கயே எடுக்கணும்னு நின்னா நாலா போகும். கொடியைப் பார்க்காதீங்க. பக்கவாட்டுல புல்லு தெரியுது பாருங்க, அங்க தள்ளி விடுங்க."

தள்ளினேன். அடுத்த அடியில் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்!

அதன்பின் அவர் சொன்னதெல்லாம் உபதேசம். மரம் வலதுபக்கம் என்றால் பந்தையும் தளத்தின் வலது ஓரத்தில் வைத்து இடதுபக்கமாகக் குறி பார்க்க வேண்டும். 7,000 அடி உயரத்தில் காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடவே போகும். ஆகவே பெரிய மட்டை பையிலேயே தூங்கட்டும். கிளைக்கு அடியில் மாட்டினால் நாலாம் நம்பர் அயர்ன், பந்து பின்காலுக்குப் பக்கத்தில், அரை வீச்சு. தாழ்வாக ஓடி வெளியே வரும். வேரில் சிக்கினால் வீரம் காட்டாமல் ஒரு அடி தண்டம் ஒப்புக்கொண்டு, குழியை நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்கிறீர்களா? டில்லி கோல்ஃப் கிளப்பில் பாதை குறுகல், இருபுறமும் மரமும் புதரும். கோணினால் பந்து அம்போ! அங்கே 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸையும், 2016-ல் இந்தியன் ஓப்பனையும் ஜெயித்தவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன். தூரம் அடிப்பதில் பேர் எடுத்தவர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் காட்டும் கைநுணுக்கத்தில் பேர் எடுத்தவர்.

ஆட்டம் முடிந்து டீ வந்தது. சகலை செக் புத்தகத்தை எடுத்தார்.

"சொல்லுங்க, எவ்வளவு வேணும்?"

எதிரே அந்த மரங்கள் நின்றுகொண்டிருந்தன. நாலு லட்சம் போச்சு. போனது போனதுதான்.

"பணம் வேண்டாம் சகலை. கடையைக் காலி பண்ண ஒரு லாரி இருந்தா சொல்லுங்க" என்றேன்.

சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளி, பக்கவாட்டில் வெளியே வந்தேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுப் பத்திரம் பத்திரமாக பீரோவில் இருக்கிறது.

அன்றைக்குப் பெரியவருக்கு நான் கொடுத்த டிப்ஸ் நூறு ரூபாய். அவர் எனக்குக் கொடுத்த டிப்ஸ் ஐந்து லட்சம்!