ஏறும் வழிக்கு முன் இறங்கும் வழி

விண்ணை எட்ட வேண்டும் என்ற வேட்கை மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆனால் அந்த வேட்கைக்கு உருவம் கொடுக்க முற்படும்போது எழும் கேள்விகள் எளியவை அல்ல. எத்தனை டன் எடையைத் தூக்க வேண்டும்? எந்த எரிபொருள் ஏற்றது? எவ்வளவு செலவாகும்? புதிய இராக்கெட் ஒன்றை வரையத் தொடங்கும் ஒவ்வொரு நாட்டிலும் இவற்றைப் பற்றியே வாதங்கள் நடக்கின்றன. மனிதரை ஏற்றிச் செல்லும் இராக்கெட்டைப் பொறுத்தவரை இவை யாவும் இரண்டாம் நிலைக் கேள்விகளே என்பது என் கருத்து. "இது பழுதுபட்டால் உள்ளே இருப்பவர் எப்படி உயிரோடு தரை இறங்குவார்?" என்பதே முதற் கேள்வி. இதற்கு விடை சொல்லிவிட்டு மற்றவற்றைப் பேசலாம்.

செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் இராக்கெட் வெடித்தால் பணம் போகும். பல ஆண்டு உழைப்பு போகும். மீண்டும் ஒன்று செய்துகொள்ளலாம். மனிதர் போனால் போனதுதான். யாவரும் அறிந்த இந்த உண்மையை வரைபடத்தில் மறந்ததற்கு அமெரிக்கா கொடுத்த விலை பதினான்கு உயிர்கள்.

விண்வெளி ஓடம் தந்த பாடம்

1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அமெரிக்காவின் விண்வெளி ஓடம் முதன்முதலாகப் பறந்தது. முதல் நான்கு பயணங்களில் இருவர் மட்டுமே சென்றனர். ஆபத்து நேர்ந்தால் இருக்கையோடு வெளியே வீசப்படும் வசதி அவ்விருவருக்கும் இருந்தது. பின்னர் குழு பெருகியது. எண்மர் வரை செல்லலாயினர். அனைவருக்கும் அத்தகைய இருக்கை அமைக்க ஓடத்தில் வழியில்லை. ஆகவே இருந்தவையும் கைவிடப்பட்டன. ஏறிச் செல்லும்போது வாகனம் பழுதுபடாது என்ற நம்பிக்கை ஒன்றே வீரர்களுக்கு மிஞ்சிய காப்பு.

அந்த நம்பிக்கை 1986 ஜனவரி 28 அன்று 73 வினாடிகளில் பொடிந்தது. ஓடத்தின் பக்கவாட்டில் இருந்த திண்ம எரிபொருள் பூஸ்டரின் இணைப்பில், குளிரில் இறுகிப்போன இரப்பர் வளையம் வெப்ப வாயுவைக் கசியவிட்டது. சாலஞ்சர் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். நெஞ்சை உறுத்தும் செய்தி பின்னர்தான் வந்தது. ஓடம் சிதறியபோதும் வீரர்கள் இருந்த அறை பெரும்பாலும் உடையாமல் தனியே பிரிந்திருக்கிறது. கடலிலிருந்து மீட்கப்பட்ட அவசர மூச்சுக் கருவிகள் நான்கில் மூன்று இயக்கப்பட்டிருந்தன. சிலராவது அதன் பின்னும் உயிரோடு இருந்தனர் என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்? அந்த அறை கடலில் மோத இரண்டரை நிமிடத்திற்கும் மேலாயிற்று. அத்தனை நேரமும் அதைத் தாங்கி இறக்க ஒரு வான்குடை கூட இல்லை!

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் ஒரு வேற்றுமையைச் சுட்டிக் காட்டினார். ஓடம் அழியும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். நூற்றில் ஒன்று என்ற அளவில் மதிப்பிட்டனர் பொறியாளர். 2011-இல் ஓய்வு பெறும் வரை ஓடங்கள் 135 முறை பறந்தன. இருமுறை பேரழிவு நேர்ந்தது. யார் கணக்கு மெய்க்கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது அழிவு 2003 பிப்ரவரி 1-இல். ஏறும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு கொலம்பியாவின் இறக்கையைத் துளைத்தது. திரும்பும் வழியில் கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற அறுவரும் மறைந்தனர். தொட்டியின் பக்கத்தில் மனிதரை வைத்ததால்தானே விழுந்த துண்டு அவர்கள் வாகனத்தைத் தாக்கியது? உச்சியில் வைத்திருந்தால் அது அவர்களுக்குக் கீழேயே விழுந்திருக்கும். சரக்கையும் மனிதரையும் இயன்றவரை பிரித்து அனுப்புக, புதிய வாகனத்தில் வீரர் பாதுகாப்பையே எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுக என்று அவ்வாண்டே விசாரணைக் குழு எழுதியது.

சோயுஸ் காட்டிய வழி

மறுபக்கத்தைப் பார்ப்போம். 1983 செப்டம்பர் 26. பைக்கனூர் ஏவுதளத்தில் புறப்பட இருந்த சோயுஸ் இராக்கெட்டில் தீப்பற்றியது. கலத்தின் உச்சியில் இருந்த தப்பிக்கும் கோபுரம் இயக்கப்பட்டது. அதன் சிறு இராக்கெட்டுகள் விளாதிமீர் தீத்தவும் கென்னடி ஸ்த்ரெகாலவும் இருந்த கலத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே பாய்ந்தன. சில வினாடிகளில் கீழே இராக்கெட் வெடித்தது. அவர்களோ சில கிலோமீட்டர் தொலைவில் வான்குடையில் இறங்கினர். அதே தீத்தவ் பின்னாளில் விண்வெளியில் ஓராண்டு தங்கிச் சாதனை புரிந்தார். 2018 அக்டோபர் 11-இல் மற்றொரு சோயுஸ் பாதிவழியில் பழுதுபட்டது. அலெக்சி ஒவ்சீனினும் நிக் ஹேகும் உயிரோடு தரை இறங்கினர். அடுத்த மார்ச்சு மாதமே மீண்டும் விண்ணுக்குச் சென்றனர். இராக்கெட் தோற்றது, வடிவமைப்பு வென்றது.

ஏரிஸ் வாதம்

கொலம்பியாவுக்குப் பின் அமெரிக்கா வரைந்த புதிய இராக்கெட் ஏரிஸ்-1. ஓடத்தின் திண்ம பூஸ்டரை ஐந்து கண்டங்களாக நீட்டி முதல் அடுக்காக்கினர். அதன்மேல் திரவ எரிபொருள் அடுக்கு. உச்சியில் ஒரையன் கலம். அதற்கும் மேல் தப்பிக்கும் கோபுரம். 2005-இல் இதனைத் தேர்ந்தவர்கள் பாதுகாப்பைக் காட்டியே தேர்ந்தனர். திண்ம பூஸ்டரில் சுழலும் எந்திரங்கள் குறைவு. சாலஞ்சருக்குப் பின் அது ஒருமுறையும் தவறவில்லை. வீரர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2000-இல் ஒன்றே என்று கணக்கும் காட்டினர்.

எதிர்ப்புகள் எழுந்தன. நீண்ட பூஸ்டருக்குள் எரிவாயு துடிக்கும் அதிர்வு வீரர்களை உலுக்கும் என்பது ஒன்று. அதைவிடக் கடுமையான கேள்வி 2009-இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்விலிருந்து வந்தது. திரவ எஞ்சினை நிறுத்தலாம். திண்ம எரிபொருளைப் பற்றவைத்தால் அணைக்க முடியாது. புறப்பட்ட முதல் நிமிடத்தில் அது வெடித்தால் எரியும் துண்டுகள் வானெங்கும் பரவும். தப்பி வந்த கலம் அந்த நெருப்பு மழைக்குள்ளேயே இறங்க நேரும். நைலான் வான்குடை வெப்பத்தில் உருகிவிடும் என்றது அவ்வாய்வு. நாசா இதனை ஏற்கவில்லை. தன் கணக்கு வேறு விடை தருவதாகக் கூறியது. வாதம் முடியுமுன் திட்டமே 2010-இல் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நான் கொள்வது ஒன்று. உச்சியில் ஒரு கோபுரத்தை நட்டுவிட்டால் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. எதிலிருந்து தப்புகிறோம், எதற்குள் இறங்குகிறோம் என்பனவும் அக்கேள்வியில் அடங்கும். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது கேட்கப்பட வேண்டும். நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் கேட்டால், வெள்ளம் வந்தபின் அணை போட்ட கதைதான். 2011 ஜூலை முதல் 2020 மே வரை அமெரிக்க மண்ணிலிருந்து ஒரு வீரரும் சுற்றுப்பாதைக்குச் செல்ல இயலாமற் போனதற்கு அத்திட்டம் பாதியில் நின்றதும் ஒரு காரணமன்றோ?

மறுப்புரைகளும் விடைகளும்

தப்பிக்கும் கோபுரம் வீண் சுமை என்பாரும் உளர். பெரும்பாலான பயணங்களில் அது பயன்படாமலே கழற்றி எறியப்படுகிறது, உண்மைதான். நம் திரையரங்குகளில் சிவப்பு வாளியில் மணல் தொங்குகிறது. ஆண்டு முழுவதும் தீப்பிடிக்கவில்லை என்பதற்காக அதை எடுத்துவிடச் சொல்வோமா?

இன்னொரு வாதம் வலுவானது. விமானப் பயணிகளுக்கு வான்குடை தருவதில்லையே. இராக்கெட்டையும் விமானம்போல் நம்பத் தகுந்ததாக ஆக்கினால் போதாதா என்று கேட்கின்றனர். 2023 முதல் சோதித்துப் பார்க்கப்படும் ஸ்டார்ஷிப் என்னும் மாபெரும் இராக்கெட்டும் தனித் தப்பிக்கும் கோபுரமின்றியே வரையப்பட்டுள்ளது. ஆனால் விமானத்தின் நம்பகம் கோடிக்கணக்கான பயணங்களால் மெய்ப்பிக்கப்பட்டது. எஞ்சின் நின்றாலும் விமானம் மிதந்து இறங்கும். இராக்கெட் அந்த நிலையை அடைந்த நாளில் இந்த வாதத்தை நானும் ஏற்பேன். அதுவரை, "பழுதாகாது" என்பது விருப்பமே ஆகும், விடை ஆகாது.

வாதம் எப்படி நடக்கிறது என்பதும் முக்கியம். சாலஞ்சர் புறப்படுவதற்கு முந்திய இரவு ரோஜர் பாய்ஜாலி முதலிய பொறியாளர்கள் குளிரைக் காட்டித் தடுத்தனர். அவர்களுடைய மேலாளர்கள் அவர்களை ஒதுக்கிவிட்டு இசைவு தந்தனர். ஏரிஸ் காலத்தில் 'டைரக்ட்' என்ற மாற்று வடிவத்தை முன்வைத்த குழுவில் நாசா பொறியாளர் சிலர் பெயரை மறைத்துக்கொண்டே பங்கு பெற்றனர். தாம் பணிபுரியும் இடத்தில் பெயர் சொல்லி மறுத்துரைக்க முடியாத நிலை இருந்தால், முதற் கேள்வியைக் கேட்பவர் யார்?

நம் வாயிலில் அதே கேள்வி

இக்கேள்வி நமக்கும் உரியது. 2018 ஆகஸ்டு 15-இல் அறிவிக்கப்பட்ட ககன்யான் திட்டத்தில் நம் வீரர்கள் எல்.வி.எம்.-3 இராக்கெட்டில் செல்ல வேண்டும். தேர்வான நால்வருள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அதன் விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் மனிதப் பயணத்திற்காகச் சோதிக்கப்பட்டது நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில். சந்திரயான்-2, சந்திரயான்-3 ஆகியவற்றைத் தவறாமல் சுமந்த இராக்கெட் இது. அந்தப் பெருமை சிறிதன்று. ஆயினும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 டன் திண்ம எரிபொருள் கொண்ட இரண்டு பூஸ்டர்கள் இதன் இருபுறமும் உள்ளன. எனவே அங்கே எழுந்த நெருப்பு மழைக் கேள்வி இங்கேயும் எழுந்தே தீரும்.

நம்மவர் இக்கேள்வியைத் தள்ளிவிடவில்லை என்பது மகிழ்ச்சி தருகிறது. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தப்பிக்கும் அமைப்பைத் தனியே பறக்கவிட்டுச் சோதித்தனர். புறப்பட 5 வினாடி இருக்கையில் கணிப்பொறி ஏவுதலை நிறுத்தியது. காரணம் அறிந்து சரிசெய்து அன்று காலையே ஏவினர். ஆளில்லாக் கலம் இராக்கெட்டிலிருந்து பிரிந்து வான்குடையில் கடலில் இறங்கியது. சந்திரயான் இறங்கியபோது கைதட்டிய நம்மில் எத்தனை பேர் இதற்குக் கைதட்டினோம்?

இத்தகைய சோதனைகள் இன்னும் பல வேண்டும். அவற்றின் முடிவுகள், தோல்விகள் உட்பட, மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நாள் குறித்துவிட்டோம், உலகம் பார்க்கிறது என்ற அவசரத்தில் எந்தச் சோதனையும் குறைக்கப்படலாகாது. நாளை இக்கல்லூரியிலிருந்தும் சிலர் அப்பணிக்குச் செல்லக்கூடும். வரைபடத்தை விரித்து எடையும் செலவும் பேசும் கூட்டத்தில் அவர்கள் அமர நேர்ந்தால், எழுந்து நின்று முதற் கேள்வியைக் கேட்கட்டும். விடை வரும்வரை உட்காராதிருக்கட்டும்.