தொண்டருக்குக் காப்புண்டு; அமைப்பாளருக்கு?

ஊதியம் வேண்டாது உழைக்க வருவோர் பலர். அவர்களை ஒழுங்குபடுத்த வல்லவர் சிலரே. கட்சிப் பணியில் யாம் கண்டது இது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் நிலைமை வேறன்று.

அங்கே 1957இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் மாணவர் தொண்டு ஆரம்பமாயிற்று. 1970இல் பூங்காத் தொண்டருக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தொண்டர் அரசாங்க ஊழியரல்லர். எனினும் பணியிற் காயமுற்றால் ஊழியருக்குரிய நட்டஈடு அவருக்கும் உண்டு என்றது அச்சட்டம். நேர்மையான ஏற்பாடு. அதே ஆண்டில், 15 முதல் 18 வயது வரையுள்ள இளைஞருக்குக் கோடைகாலத்திற் சம்பளத்துடன் வேலை தரும் திட்டமும் சட்டமாயிற்று.

ஆனால், இப்பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்பித்து, நடைபாதை திருத்துவித்து, பெற்றோருக்குப் பொறுப்புச் சொல்பவர் யார்? பல பூங்காக்களில் அவரும் பருவகால ஊழியரே! 1,039 மணித்தியாலங்களுக்கு மேற்படாத நியமனம்; அஃதாவது, ஏறத்தாழ ஆறு மாதம். பின்னர் வீடு செல்ல வேண்டியதுதான். (சிக்கனம் என்று இதற்குப் பெயர்.) மறுவருடம் புதியவர் ஒருவர் வந்தால், எப்பாதையை மழை அரிக்கும், எவ்வூர்ப் பாடசாலை பிள்ளைகளை அனுப்பும் என்பதெல்லாம் அவருக்கு முதற்பாடம். போகத்துக்குப் போகம் குத்தகைக்காரரை மாற்றும் வயலின் கதியை நம் கமக்காரருக்குச் சொல்லவும் வேண்டுமா? பூங்காவுக்கு ஓர் அமைப்பாளரையேனும் ஆண்டு முழுவதற்கும் நியமித்தால், அத்தனை பெரிய அரசாங்கத்தின் திறைசேரி வற்றிவிடுமா?