மேசியா எதற்கு வந்தார்?

கூமாப்பட்டி என்றதும், 2025-ஆம் ஆண்டில் கைப்பேசிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பிளவக்கல் அணைக்கு ஓடிவந்த கூட்டந்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவ்வூர்த் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டதோ வேறு. "அவதாரங்கள் வருணாசிரமத்தைக் காக்க வந்தவை; அவற்றைக் கண்டிக்கிறீர்கள், நியாயம். மேசியா ஏழைகளை மீட்க வந்தவராயிற்றே, அவரை ஏன் கண்டிக்க வேண்டும்?" என்கிறார். குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் அவர். ஆகையால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

மேசியா என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர் என்பதே பொருள். கிறிஸ்து என்பதும் அதற்குரிய கிரேக்கச் சொல்லேயன்றி வேறல்ல. யூதர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜாவை. அந்நிய ஆட்சியை ஒழித்து நாட்டை மீட்டுத் தருபவரை. ஆதாமின் பாவத்திற்காகச் சாகிற ஒருவரை அவர்கள் கேட்கவேயில்லை. நடந்ததென்ன? ரோமாபுரி அதிகாரி அவரைச் சிலுவையில் அறைந்து, யூதருடைய ராஜா என்று மேலே எழுதியும் வைத்தான். உயிர்த்தெழுந்ததாகச் சொல்லப்பட்ட பிறகுங்கூட, ராஜ்யத்தை இப்போதாவது திருப்பித் தருவீரா என்றுதான் சீஷர்கள் அவரைக் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லுகின்றது. ராஜ்யம் வரவில்லை, ஆகவே மேசியாவின் நோக்கம் மாற்றப்பட்டது. வந்தது பாவத்தைச் சுமக்க, ராஜ்யம் இரண்டாம் வருகையில் என்றார்கள். தவணை தப்பியவன் பத்திரத்தையே திருத்தி எழுதிக்கொண்டு வந்தால் நம்மூர் வட்டிக்கடைக்காரன் ஒப்புவானா?

இது எங்கோ எருசலேமில் நடந்த கதைதானே என்று எண்ண வேண்டாம். கூமாப்பட்டி இருக்கும் அதே வத்திராயிருப்பு வட்டாரத்திலுள்ள கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கியவர் அருளப்பன் என்பவர். வெளிநாட்டு மிஷன் சம்பளத்தை எதிர்பாராமல் ஊழியம் செய்தவர். அந்த யோக்கியதையை நாம் மறைக்கமாட்டோம். 1860-ல் அங்கே எழுப்புதல் என்ற ஒன்று கிளம்பிற்று. மக்கள் அழுது விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், அன்னிய பாஷை பேசினார்கள். 1873 வாக்கில் திருவாங்கூரிலும் அதேமாதிரி பரவிற்று. அதில் கிளம்பிய ஜஸ்டஸ் ஜோசப், பிறப்பால் தமிழ்ப் பார்ப்பனர், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று நாளே குறித்துவிட்டார். ஆறு வருஷம் காத்திருந்த கூட்டத்தாருக்கு "ஆறு வருஷக்காரர்" என்ற பெயர்தான் மிச்சம். 1881 வந்தது, கிறிஸ்து வரவில்லை. வெட்கப்பட்டார்களா? கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிட்டார் என்று சொல்லி, யுயோமயம் என்ற புது மதத்தையே ஆரம்பித்தார்கள்! முதல் நூற்றாண்டில் நடந்ததும் இந்த வேலைதான் என்பது நமது அபிப்பிராயம். அது ஜெயித்தது, இது ஜெயிக்கவில்லை, அவ்வளவே.

நிற்க. ராஜ்யம் போகட்டும், ஆத்துமாவையாவது மீட்டாரே என்பார்கள். மீட்கப்பட்ட ஆத்துமாக்கள் ஒன்றையொன்று தொட மறுப்பானேன்? வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலுக்கு இரண்டு சிறகுகள். ஒரே பீடத்தை ஒரு சாதி இந்தப் பக்கமிருந்தும், மறு சாதி அந்தப் பக்கமிருந்தும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. நடுவேயிருந்த தடுப்பை 1910-ல் பாதிரிமார் இடித்ததற்குக் கலகமும் வழக்கும் வந்தன. பழங்கதை என்பீர்களானால், விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008-ல் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதிச் சண்டை நடந்து, போலீஸ் துப்பாக்கியில் இருவர் மாண்டார்கள். இரு தரப்பாருக்கும் மேசியா ஒருவரே.

பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்தார்களே என்று அத்தோழர் கேட்கலாம். வைத்தார்கள், படிக்கக்கூடாது என்றிருந்தவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அது மனிதர் மனிதருக்குச் செய்த உபகாரம். அதற்கு ஆதாமின் பாவம் எதற்கு? கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் போட்டு ஒழித்ததும் பாராளுமன்றத்தில் உட்கார்ந்த மனிதர்களே.

அத்தோழர் ஞானஸ்நானம் பெறுவதும் பெறாததும் அவர் இஷ்டம். ஆனால் தண்ணீரில் இறங்குமுன் பாதிரியாரை ஒன்று கேட்கட்டும்: கரையேறிய பிறகு நம் பெண்ணை எந்தச் சாதிக் கிறிஸ்தவர் வீட்டில் கொடுக்கலாம்?