பகலவனைப் பகைக்கும் ஆலயங்கள்

கடலிலிருந்து எழும் கதிரவனை நாள்தோறும் காணும் பேறு பெற்றவர்கள் பட்டினச்சேரி மக்கள். இக்காரைக்கால் கரையில் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஆலயங்களைப் புதுப்பிக்கும்போது நாம் செய்வதென்ன? சாளரங்களை அடைக்கிறோம், இல்லையேல் வண்ணப்படம் அச்சிட்ட ஒட்டுத்தாளை அவற்றின்மீது ஒட்டுகிறோம். பின்னர் காலைத் திருப்பலிக்கு வரிசை வரிசையாக மின்விளக்குகளை எரிய விடுகிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சியாம்!

வண்ணக் கண்ணாடி வெறும் அலங்காரம் அன்று. உருகும் கண்ணாடியோடு கோபால்ட் கலந்தால் நீலமும், பொன் கலந்தால் செம்மையும் பிறக்கின்றன. அத்துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தே பழங்கால வினைஞர் புனிதர்களின் வரலாற்றைத் தீட்டினர். ஒட்டுத்தாளின் நிறம் மேலே படிந்தது, வெயிலில் வெளிறிவிடும். கண்ணாடியின் நிறமோ அதனுள்ளேயே உறைவது. பாரிசில் 1248இல் அர்ச்சிக்கப்பட்ட சான்ட் ஷப்பெல் சிற்றாலயத்தில் இன்றும் அது சுடர்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1907இல் அர்ச்சிக்கப்பட்டு, 2011இல் பசிலிக்காவாக உயர்ந்த புதுவைத் திரு இருதய ஆண்டவர் ஆலயத்தில் 28 புனிதர்கள் கண்ணாடியில் நம்மை நோக்குகின்றனர். அவர்களை நமக்குக் காட்டுவது பகலொளியே. வெளியே ஒளி மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருந்தால்தான் வண்ணம் உயிர்பெறும். உள்ளே விளக்குகளை ஏற்றினாலோ, அது மங்கிப்போகும்.

"வண்ணக் கண்ணாடிக்குப் பணம் ஏது?" என்பர் சிலர். பளிங்குத் தரைக்கும் ஒளிரும் வளைவுகளுக்கும் கிடைத்த பணம் இதற்கு மட்டும் கிடைக்காதோ? எல்லாச் சாளரங்களும் வேண்டா. பீடத்தின் அருகே ஒன்று போதும். "உள்ளே வெப்பம் ஏறுமே" என்பர் வேறு சிலர். மேற்கு வெயிலை மறைத்து, வடபுறச் சாளரத்தைத் திறந்து வைக்க எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மாலைத் திருப்பலிக்கு விளக்கு வேண்டும். அதை யார் மறுத்தார்?

வெறும் ஆடம்பரத்தைவிட உயரிய அழகையே நாட வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டு ஏட்டில் பணித்தது. பாஸ்கா இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்து, ஒரே திரியின் சுடரில் கிறிஸ்துவின் ஒளியைப் போற்றும் நாம், ஞாயிறு காலையில் இறைவன் விலையின்றித் தரும் ஒளிக்குக் கதவடைப்பது முறையா?

பங்குப் பேரவையினரே, அடுத்த கட்டடத் திட்டத்தில் கையொப்பமிடுமுன் ஒரு ஞாயிறு காலை விளக்குகளை அணைத்துவிட்டு ஆலயத்துள் அமர்ந்து பாருங்கள். எந்தச் சாளரத்தை அடைக்கலாகாது என்பது அப்போது விளங்கும்.