என் கண்ணை ஒருத்தராவது பாருங்க சாமி

சொந்தக் கார் வச்சிருக்கறவரு முப்பது வயசுக்குள்ள லைசென்ஸ் எடுத்தா நாப்பது வரைக்கும் கேள்வியே இல்லை. சோத்துக்கு ஸ்டியரிங் புடிக்கற எங்களுக்கு அஞ்சே வருஷம். கேஸ் டேங்கர் ஓட்டற என் பங்காளிக்கு மூணுதான். அதுக்கும் ஒரு நாள் வகுப்புல போய் உக்காரணும். இதுல எனக்கு வருத்தமில்லீங்க. நாப்பது டன்னோட ரோட்டுல வர்றவனைச் சோதிச்சுத்தான் ஆகணும்.

ஆனா சோதிக்கறாங்களா?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் புதுப்பிக்கப் போனா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, ஃபாரம் 1ஏ. அதுல என்ன இருக்குன்னு தெரியுமுங்களா? பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தள்ளி நிக்கற காரோட நம்பர் பிளேட் தெரியுதா, செவப்பு பச்சை பிரிச்சுத் தெரியுதா, மாலைக்கண் இருக்கா, காது கேக்குதா. அருமையான கேள்விங்க. புரோக்கர் கூட்டிட்டுப் போன கிளினிக்குல டாக்டர் என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "மச்சம் எங்க இருக்கு?" மீதி எல்லாத்தையும் அவரே எழுதி, சீல் வச்சுக் குடுத்துட்டாரு. தலை நிமிரவே இல்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி எதுத்தாப்புல வண்டி வந்தா, அந்த எல்.இ.டி. வெளிச்சத்துல ரோடே கொஞ்ச நேரம் காணாமப் போகுதுங்க எனக்கு. யாருகிட்டச் சொல்றது? ஓனர்கிட்டச் சொன்னா சாவியைப் புடுங்கிக்குவாரு. ஆபீசுல சொன்னா புதுப்பிக்க மாட்டாங்க. பொய் சர்டிபிகேட்டை மடிச்சுப் பையில வச்சுட்டு ஓட்டிட்டிருக்கேன்.

கண்ணைப் பாக்காதவங்க தேதியை மட்டும் எப்படிப் பாக்கறாங்க! எங்க லைசென்ஸ் மூணு வருஷமா இருந்ததை அஞ்சாக்கினது மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தம், நல்லதுதான். அதே கையோட, தேதி முடிஞ்சாலும் முப்பது நாள் செல்லும்னு இருந்ததை எடுத்துட்டாங்க. நாமக்கல்லுல லோடு ஏத்திட்டு குவஹாத்தி போறவன், இறக்க ஆள் வர்ற வரைக்கும் வண்டியடியில கெடக்கணும். திரும்பற லோடுக்கும் காத்துக் கெடக்கணும். அதுக்குள்ள தேதி முடிஞ்சுதுன்னா மறுநாளே நான் லைசென்ஸ் இல்லாதவன். புடிச்சா 5,000 ரூபாய் அபராதம். ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்கலாமேம்பீங்க. சட்டத்துல இடம் இருக்குதுங்க, ஊருல நிக்கத்தான் நாள் இல்லை. வண்டி ஓடாத நாளுக்கு பேட்டா எவன் தர்றான்?

இன்னொண்ணும் கேட்டுக்கறேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு 1961-லயே போட்டாங்களாம். 2025 வரைக்கும் இருந்த அந்தச் சட்டத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரந்தான் வேலைன்னு எழுதியிருந்துச்சாம். ரோட்டுல என்னை நிறுத்துன ஆபீசருங்க ஆர்.சி. கேட்டிருக்காங்க, எஃப்.சி. கேட்டிருக்காங்க, லைசென்ஸ் கேட்டிருக்காங்க. "எப்பய்யா தூங்கினே?"ன்னு ஒருத்தரு கேட்டதில்லை. நாளைக்கு நான் எங்கியாவது கொண்டுபோய் மோதினா மட்டும், "டிரைவர் தூங்கிட்டான்"னு பேப்பர்ல போடுவீங்க.

புதுப்பிக்க வர்ற அன்னிக்கு அந்த ஆபீசுலயே ஒரு கண் டாக்டரை உக்கார வைங்க. நெசமாப் பாக்கட்டும். கொறை இருந்தா வைத்தியம் பாருங்க, அது முடியற வரைக்கும் என் குடும்பம் என்ன திங்கும்னும் சொல்லுங்க. அது ஆகாதுன்னா அந்த முப்பது நாளையாச்சும் திருப்பிக் குடுங்க.