"சமாளிச்சிடுவேன்"னு மட்டும் சொல்லாதீங்க தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வேலை தேடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

எங்கள் தொண்டூழியர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி, போன மாதம் ஒரு கொண்டோவின் நிர்வாக அலுவலகத்தில் வேலைக்கு இண்டர்வியூ போய் வந்தார். கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து அண்டா கழுவும்போது "எப்படிப்பா போச்சு?"ன்னு கேட்டோம்.

"மேனேஜ்மெண்ட் அனுபவம் இருக்கான்னு கேட்டாங்க அண்ணே. இல்லைன்னு சொல்லிட்டேன். அப்புறம், நாளை மறுநாள் தண்ணி வெட்டு, முந்நூறு வீடு இருக்கு, என்ன செய்வேன்னு கேட்டாங்க. எப்படியாவது சமாளிச்சிடுவேன்னு சொன்னேன்."

அண்டாவை அப்படியே கீழே வைத்துவிட்டோம். கேட்டது வேறு யாரையாவது என்றால் பரவாயில்லை. இந்தத் தம்பியைப் போய்த் தண்ணி வெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அவரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வந்திருக்கிறார்!

இரண்டு வருடத்துக்கு முந்தைய திருவிழா பலருக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திருவிழா, வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் வெட்டு அறிவிப்பு. சிலாங்கூரில் இருக்கும் நமக்கு இது புதுசு இல்லை. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆறு மாசுபட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அன்றைக்கு எண்ணூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். நாங்கள் பெரியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போன் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தோம்.

தம்பி ஒரு காகிதத்தை எடுத்து, எதுக்கெல்லாம் தண்ணி வேணும்னு எழுதினார். அபிஷேகம், சமையல், கை கழுவ, கழிப்பறை, பாத்திரம். அபிஷேகத்துக்குக் கோயில் கிணறு போதும். சமையலுக்கு இரண்டு 400 கேலன் தொட்டி, ஒன்று நம்முடையது, இன்னொன்று பக்கத்துத் தாமான் ருக்குன் தெத்தாங்காவில் இரவல். கூட்டையும் பாயசத்தையும் நிறுத்தி, சாம்பார், ஒரு பொரியல், மோர் என்று சுருக்கினார், கழுவ வேண்டிய பாத்திரம் பாதியாகக் குறைந்தது. உபயக்காரக் குடும்பங்களுக்கு அன்று ராத்திரியே போன் பண்ணி ஏன் என்று சொன்னார், அதனால் ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. கழிப்பறை வாசலில் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினார். ஒவ்வொரு வாசலிலும் வாளியோடு ஓர் ஆளை நிறுத்தினார். தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசுக்கு ரசீது வாங்கி நோட்டில் ஒட்டிப் பொருளாளரிடம் கொடுத்தார்.

எல்லாம் சரியாக நடந்ததா? இல்லை. காலை எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி பதினொன்றுக்குத்தான் வந்தது. பெண்கள் கழிப்பறையில் ஒரு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பாட்டி தம்பியை நிற்க வைத்துத் திட்டினார். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் இருந்த இரண்டு வாளியை இங்கே மாற்றினார். அடுத்த வருடத்திலிருந்து லாரியை முதல் நாள் சாயந்தரமே வரச் சொல்லிவிடுகிறார்.

இது மேனேஜ்மெண்ட் இல்லை என்றால் வேறு எது?

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும் "சமாளிச்சாச்சு" என்று ஒரே சொல்லில் சுருட்டி வைத்துவிடுவோம். சமாளிப்பது என்றால் வந்த இடியைத் தாங்கிக்கொள்வது. நிர்வாகம் என்றால் இடி வரும் என்று தெரிந்து, எதை முதலில் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது, யாரிடம் சொல்வது, யார் காசில் செய்வது என்று முடிவெடுப்பது. தம்பி செய்தது இரண்டாவது. இண்டர்வியூவில் சொன்னது முதலாவது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவரை நிராகரித்ததில் எங்களுக்குக் கோபமே இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதினைந்து வருடமாகக் கட்டட நிர்வாகத்தில் இருக்கும் ஓர் அக்கா நம் கோயிலுக்கு வருவார். அடுத்த வெள்ளி அவரை மண்டபத்தில் உட்கார வைத்து, தம்பியையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் கேள்வி கேட்கச் சொன்னோம். நாங்களும் ஓரமாக உட்கார்ந்து நிறையக் கற்றுக்கொண்டோம்.

அக்கா "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று ஒன்றும் கேட்கவில்லை. நேராக, "எட்டு மாதமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டாத ஒருத்தர் கவுண்டரில் வந்து கத்துறார். என்ன செய்வே?" என்றார். ஒரு பிள்ளை "அன்பா பேசிப் புரிய வைப்பேன்" என்றது. அக்கா சிரித்தார். "அன்பா பேசு, வேணாங்கல. அப்புறம்?"

அந்த அப்புறம்தான் கோயிலுக்கும் கொண்டோவுக்கும் உள்ள வித்தியாசம். கோயிலில் ஒருவர் உபயப் பணம் தரவில்லை என்றால் நாம் விட்டுவிடலாம், அது அவர் மனசு. அங்கே 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் இருக்கிறது. கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமிப்பு நிதிக்கும் கட்டியே ஆக வேண்டும். கட்டாதவருக்கு 14 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் கடிதம் போக வேண்டும். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்ட்ராட்டா நடுவர் மன்றம். கத்துகிற மனுஷனிடம் குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லத் தெரிந்தவர்தான் அவர்களுக்கு வேண்டும். அதே மாதிரி, மேல் வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுது என்று எழுதிக் கொடுத்தால் 7 நாளுக்குள் நிர்வாகம் போய்ப் பார்க்க வேண்டும், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து படித்தால் தெரிந்துகொள்ளக்கூடியவை. எண்ணூறு பேர் நடுவில் பதறாமல் நிற்பதை ஒரு ராத்திரியில் படிக்க முடியாது, அது நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பிறகு தம்பியிடம் தண்ணி வெட்டுக் கதையை மலாயில் சொல்லச் சொன்னார். உபயக்காரர் என்பதை எப்படிச் சொல்வது என்று முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொண்டார். "அன்றைய செலவை ஏற்கும் குடும்பங்கள், அவ்வளவுதான். பூசை விளக்கம் யாரும் கேட்கலே, வேலையைச் சொல்லு" என்றார் அக்கா. லாரி தாமதமான இடத்தைத் தம்பி சொல்லாமல் தாண்டப் பார்த்தார். நாங்கள்தான் போட்டுக் கொடுத்தோம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதைத்தான் முதல்ல சொல்லணும். தப்பே நடக்காத கதையை நான் நம்ப மாட்டேன்" என்றார்.

இதற்கு நேர் எதிரான ஆளும் எங்களிடம் உண்டு. விண்ணப்பத்தில் 'திருவிழா மேலாளர், ஐம்பதாயிரம் பக்தர்கள்' என்று எழுதிய இன்னொரு தம்பி. அக்கா அமைதியாக, "எத்தனை கழிப்பறை வச்சீங்க? குப்பை எத்தனை மணிக்கு எடுத்தாங்க?" என்றார். தம்பி கூரையைப் பார்த்தார். அவர் நன்றாகச் செய்தது செருப்பு வைக்கும் இடம். டோக்கன் முறை கொண்டுவந்து, செருப்பு தொலைவதைப் பெரும்பாலும் நிறுத்தினார். அதை எழுதியிருந்தால் போதும்.

எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் இந்த வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கேட்டு வருத்தப்பட்டார். "சாமிக்குச் செஞ்சதைச் சம்பளத்துக்காகச் சொல்லிக் காட்டலாமாப்பா?" என்றார். அவர் நாற்பது வருடமாகத் தன் பெயரைப் பலகையில் போடவிடாத மனிதர், அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. "நான் எவ்வளவு செய்தேன் தெரியுமா" என்று கோயிலுக்குள் சொன்னால் அது சொல்லிக் காட்டுவது. "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்கிறவரிடம் உண்மையைச் சொல்வது வேறு. அதை மறைத்து "ஒன்றும் தெரியாது" என்பதுதான் பொய்.

பழியை முழுக்கப் பிள்ளைகள் மேல் போட்டுத் தப்பிக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. இந்தத் தம்பி பதினொரு வருடமாக இங்கே ஓடுகிறார். அவரை எந்தப் பொறுப்பிலும் நாங்கள் பேர் போட்டு வைக்கவில்லை. "தம்பி, அதைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்போம், அவர் பார்த்துக்கொள்வார். சாவிக்கொத்தும் செக் புக்கும் எங்களிடம், ஓட்டம் அவரிடம். பெரும்பாலான கோயில்களில் இதே கதைதான், இல்லை என்று சொல்லும் கோயில் இருந்தால் சந்தோஷப்படுவோம். பேரில்லாத பொறுப்பை அவர் எப்படி அனுபவம் என்று நினைப்பார்? இந்த வருடத் திருவிழாவில் தண்ணீர், குப்பை, வாகன நிறுத்தம், மின்சாரம் நான்கையும் நான்கு இளையோரிடம் எழுத்து மூலம், செலவுக்கு ஒரு தொகையோடு ஒப்படைக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.

தம்பிக்கு இப்போது கோயில் கடிதத்தாளில், செயலாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். புகழ்ச்சி ஒன்றும் இல்லை. எந்த வருடம், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு காசு கையாண்டார் என்பது மட்டும். லாரி தாமதமானதையும் போடலாமா என்று கேட்டோம். "அதை நானே சொல்லிக்கிறேன் அண்ணே" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை இன்னொரு இடத்தில் பில்டிங் சூப்பர்வைசர் வேலைக்கு இண்டர்வியூ.

வெள்ளிக்கிழமை இரவு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் இந்த ஒத்திகை தொடரும். அக்காவுக்கு எல்லா வாரமும் வர முடியாது. கட்டட நிர்வாகத்திலோ ஜே.எம்.பி.யிலோ இருக்கும் பக்தர்கள் யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், கூடவே உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். போன வாரம் ஓர் அம்மா அதைத்தான் செய்தார்.

முருகா சரணம் 🙏