வெப்பக் காப்பு: எந்த வேற்றுமை?

“பெங்களூருவில் தேன்பெட்டிக்கு வெப்பக் காப்பு எதற்கு? இங்கே பனியா கொட்டுகிறது?” பீன்யாவின் மொட்டைமாடிகளில் இரண்டு மூன்று பெட்டிகள் வைத்திருப்போரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பெடுப்போரும் ஒருசேர முன்வைக்கும் வாதம் இது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் இதன் பிழை தேனீயியலில் தொடங்கவில்லை, இலக்கணத்தில் தொடங்குகிறது.

‘வெப்பக் காப்பு’ ஒரு வேற்றுமைத் தொகை. அதில் மறைந்திருக்கும் உருபு எது? வெப்பத்தைக் காப்பது என விரித்தால் இரண்டாம் வேற்றுமை. வெப்பத்தினின்று காப்பது என விரித்தால் ஐந்தாம் வேற்றுமை. தொகையில் உருபு மறையும்போது பொருள் மயங்கும். வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலையே தொல்காப்பியம் வகுத்தது வீணாக அன்று. ‘மழைக் காப்பு’ என்றால் மழையைப் பாதுகாத்து வைப்பது என்று எவரும் கொள்வதில்லை. ‘வெப்பக் காப்பு’ என்றதும் மட்டும் கம்பளிப் போர்வை நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘தீவு’ எனப் பொருள்படும். பிரித்து நிறுத்துவது என்பதற்கு மேல் அது எத்திசையையும் குறிப்பதில்லை. திசையைச் சேர்த்தவை கையேடுகள். அவை எழுதப்பட்ட நாடுகள் குளிர்நாடுகள்.

லாங்ஸ்ட்ராத் 1851இல் ‘தேனீ இடைவெளி’யைக் கண்டறிந்து அசையும் சட்டப் பெட்டியை உருவாக்கியது பிலடெல்பியாவில். அத்தகைய நிலங்களில் உள்மூடிக்கு வேறு கவலை உண்டு. கூட்டத்திலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த மூடியில் பட்டு நீராகித் தேனீக்களின் மேலேயே சொட்டும். பனிக்காலத்தில் குளிரைவிட இந்த ஈரமே கூட்டத்தைக் கொல்லும் என்று அங்குள்ளோர் அஞ்சினர். எனவே மூடிக்கு மேல் பஞ்சு, மரத்தூள், வைக்கோல் எனப் பொதிந்தனர். இந்தியாவில் இத்தாலியத் தேனீ நிலைபெற்றதும் வடக்கே, குளிர் உள்ள பகுதியில்தான்: 1962இல் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டா. அங்கிருந்து பஞ்சாபுக்குப் பரவியது. குளிர்காலப் பொதிவு அங்கே பொருளுள்ள அறிவுரை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் நச்சுயிரி தென்னிந்திய அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தபின், இத்தாலியத் தேனீ தெற்கே கொண்டுவரப்பட்டது. அதனோடு கையேட்டு மொழியும் வந்தது. ‘குளிர்காலம்’ என்ற சொல்லைப் பெங்களூருவில் வாசித்தவர்கள் அது தமக்குரியதன்று எனச் சரியாகவே ஒதுக்கினர். சேர்த்து ஒதுக்கியது காப்பையும். அங்கேதான் தவறு நேர்ந்தது.

தெற்கில் வேறொரு மரபு இருந்தது என்பதை இவ்வாதத்தினர் மறக்கின்றனர். 1910ஆம் ஆண்டை ஒட்டித் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இயங்கிய இயேசு சபைத் துறவி நியூட்டன் வடிவமைத்த ஏழு சட்டப் பெட்டி அடுக்குத் தேனீக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதன் மூடியைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் சரிந்த பலகைக் கூரை. அடியில் ஒரு தளப்பலகை, அதன் நடுவே கம்பிவலை பொருத்திய சதுரத் துளை. கூரையின் முன்னும் பின்னும் காற்று போய்வர இரு துளைகள். கூரைக்கும் கூட்டத்துக்கும் இடையே நிழலும் நகரும் காற்றும் உள்ள ஒரு பரண். ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று மலிவுக்காகச் செய்யப்படும் பல பெட்டிகளில் இந்தப் பரண் காணாமற்போய், மெல்லிய ஒட்டுப்பலகையின் மேல் ஒரு தட்டைத் தகரம் உட்கார்ந்திருக்கிறது. அதையும் நியூட்டன் பெட்டி என்றே விற்கின்றனர்.

பெயர் அப்படியே நிற்க, பொருள் கழன்றுபோவது மொழியியலாளருக்குப் புதிதன்று. இங்கே ஓர் உயிர் அதற்கு விலை கொடுக்கிறது.

புழுக்கள் வளரும் அடைப்பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 33 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கின்றன. பெங்களூருவின் வெப்பநிலை 2016 ஏப்ரலில் 39 டிகிரியைத் தாண்டியது. அது நிழலில் அளந்த எண். நேர்வெயிலில் கிடக்கும் தகரத்தின் சூடு அந்த எண்ணுக்குள் அடங்காது. “துளை இருக்கிறதே, காற்றோட்டம் போதும்” என்பது அடுத்த மறுமொழி. காற்றோட்டம் ஈரத்தையும் சூடேறிய காற்றையும் வெளியேற்றும். தகரம் கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பத்தை அது தடுக்காது. துளையின் வேலை வேறு, காப்பின் வேலை வேறு.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் உண்டு. வட ஐரோப்பாவில் பாலிஸ்டைரீன் பெட்டிகள் பரவலாக இருப்பதைக் கண்டு, தெர்மாகோலால் நாற்புறமும் மூடி மேல்துளையையும் அடைத்துவிடலாம் என்பவர்கள். இவர்களிடம் நல்ல சான்றும் உண்டு. மரப்பொந்தோடு ஒப்பிட்டால் வழக்கமான மெல்லிய பலகைப் பெட்டி வெப்பத்தைப் பல மடங்கு எளிதாகக் கடத்துகிறது என்று இங்கிலாந்தைச் சேர்ந்த டெரெக் மிட்செல் 2016இல் காட்டினார். ஆனால் அவர் ஆராய்ந்தது மேலைத் தேனீயின் கூட்டை. அத்தேனீ மரப்பிசினைத் திரட்டி உள்மூடியின் இடுக்குகளை ஒட்டி அடைக்கும். நம் அடுக்குத் தேனீ பிசின் திரட்டுவதில்லை. வாயிலில் நின்று சிறகசைக்கும்போது மேலைத் தேனீ தலையை உள்நோக்கி வைத்துக் காற்றை வெளியே இழுக்கிறது. அடுக்குத் தேனீயோ தலையை வெளிநோக்கி வைத்துக் காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளே தள்ளிய காற்று எங்கேனும் வெளியேற வேண்டும் அல்லவா? கம்பிவலைத் துளையை அடைப்பதற்கு முன் இந்த ஒரு வினாவுக்கேனும் விடை சொல்ல வேண்டும். தவிரவும், தெர்மாகோல் தேனீக்கள் புழங்கும் பக்கம் இருந்தால் மெழுகு அந்துப்பூச்சியின் புழு அதைத் துளைத்துக் குடியேறும்.

விந்தை என்னவெனில், இதெல்லாம் பீன்யாவுக்குத் தெரியும். அங்குள்ள தொழிற்கூடங்களின் தகரக் கூரைகளில் மின்சாரமின்றிச் சுழலும் காற்றுப்போக்கிகளைக் காணலாம். வசதியுள்ளவர்கள் கூரைக்கு அடியில் காப்புத் தகடும் பொருத்துகின்றனர். சுழலி இருக்கிறதே, தகடு எதற்கு என்று அங்கு எவரும் கேட்பதில்லை. தகரத்தின் கீழ் எட்டு மணி நேரம் கடைசல் இயந்திரத்தோடு நிற்பவருக்கு ஐந்தாம் வேற்றுமை நன்றாகவே புரியும். அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் பனிநாட்டு இலக்கணம்.

இது தேனின் அளவு பற்றிய வழக்கு மட்டுமன்று. கூடு சூடேறினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடைகளில் துளித்துச் சிறகசைத்து ஆவியாக்கும். சூடு கூடக்கூட மதுரம் தேடவேண்டிய தேனீக்கள் நீர் தேடிப் போகும். பீன்யாவில் அவற்றுக்குக் கிடைக்கும் நீர் எது? மின்முலாம் பட்டறைகள் நிறைந்த அப்பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. சாக்கடை ஓரத்து ஈரத்துக்கு எத்தனை தேனீக்களை அனுப்புவது என்பதை ஒரு வகையில் மாடியிலுள்ள மூடியே தீர்மானிக்கிறது. அதுவும் போதாதபோது அடுக்குத் தேனீ செய்வதை வளர்ப்போர் அறிவர்: ஒரு காலையில் பெட்டி காலியாக இருக்கும். “இது ஓடிப்போகும் இனம்” என்று பழி தேனீயின் மேல் விழும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. கம்பிவலைத் துளையோடு கூடிய கனத்த பலகை உள்மூடி. அதன் மேல், துளையை மறைக்காமல், தென்னைநார்ப் பாயோ வைக்கோல் திணித்த சணல் சாக்கோ. அதற்கு மேல் காற்று நகரும் இடைவெளி. பிறகு வெள்ளை பூசிய சரிவுக் கூரை. அருகில் ஒரு தட்டில் கூழாங்கற்களும் நல்ல தண்ணீரும். வைக்கோல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். ஆகவே மழைக்காலத்துக்கு முன் மாற்றியாக வேண்டும். தெர்மாகோல்தான் கையில் இருக்கிறது என்றால் அதையும் உள்மூடிக்கு மேலே, தேனீ தொடாத இடத்தில் வைக்கலாம்.

தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 2020இல் 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அத்தகைய திட்டங்களின் பணம் பெட்டிகளாகவும் மாறும், பயிற்சிக் கையேடுகளாகவும் மாறும். பெட்டி வாங்கும்போது சட்டங்களை எண்ணுகிறோம், மரம் எதுவென்று கேட்கிறோம். உள்மூடியின் தடிமனையும் கூரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் விலை பேசும்போதே கேட்டாக வேண்டும். கையேட்டைத் தமிழிலோ கன்னடத்திலோ பெயர்ப்பவர்கள் ‘வெப்பக் காப்பு’ என்ற தொகையை விட்டுவிட்டு, உருபை வெளிப்படையாக விரித்து எழுதட்டும். சந்தேகம் எஞ்சினால் ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு வெளிமூடியைத் தூக்கி, உள்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து நூறு வரை எண்ணிப் பார்க்கலாம்.